ராமாயியின் சுண்டுவிரல்

தவளக்குப்பம் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரசியா கடை எங்கே என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையில் கை காட்டுவார்கள். நாலும் சரிதான். அந்தப் பழைய இரும்புக் கடை நாலு திசையிலும் வழிந்து கிடந்தது. கடலூர் ரோட்டில் போகிற வண்டிகளில் பாதி என்றைக்காவது ரசியாவின் தராசில் ஏறியே தீரும் என்றும், மீதிப் பாதி பயந்துகொண்டுதான் அந்த இடத்தைத் தாண்டுகிறது என்றும் பேச்சு. ஓட்டை அண்டா, கால் போன கட்டில், செத்த மோட்டார் எல்லாம் மலையாகக் குவிந்திருக்கும். மழைக்காலத்தில் அந்த மலையிலிருந்து துரு அருவி ஒன்று இறங்கி, எதிர்ப்பக்கத்து ஜவுளிக்கடை வாசலைச் செம்மண் நிறமாக்கிவிட்டுப் போகும். ஜவுளிக்கடைக்காரர் பதினாறு வருஷமாகச் சண்டைக்கு வந்துகொண்டிருந்தார். ரசியா பதினாறு வருஷமாக அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த மலைக்குள்தான் அவள் மகள் ஜெஸிமா வளர்ந்தாள். மற்றப் பிள்ளைகள் சொப்பு வைத்து விளையாடிய வயதில் இவள் கியர்பாக்ஸ் வைத்து விளையாடினாள். கலைக்கல்லூரியில் சிற்பம் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது ரசியா மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் ஒரு சட்டிப் பிரியாணியைத் தனி ஆளாகத் தின்று முடித்துவிட்டு, கை கழுவாமலேயே ஒரு நிபந்தனை போட்டாள்.

“கண்ணு மூக்கு வச்சு எதுவும் பண்ணாத. உருவம் செஞ்சவங்கள நாளைக்கு அல்லா கூப்ட்டு, செஞ்சியே, இப்ப உசுரு குடுன்னு கேப்பான். இன்னாத்த குடுப்ப? கை செய்யி, காலு செய்யி. தனியாக் கெடக்குற கை யாரயும் ஒண்ணும் கேக்காது.”

அன்றிலிருந்து ஜெஸிமா ஒரு முகம்கூடச் செய்ததில்லை. பூரணாங்குப்பம் கடற்கரையில் ஆள் உயரக் காது ஒன்றை நட்டாள். அதில் வாயை வைத்து முணுமுணுத்தால் நூறடி தள்ளி நிற்கும் இன்னொரு காதில் கணீரென்று கேட்கும். அந்தக் காது வந்த வருஷம் அந்தக் குப்பத்தில் ஏழு கல்யாணம் நிச்சயமாயிற்று, ஒன்பது கல்யாணம் நின்றுபோயிற்று. வில்லியனூரில் தேர் வரும் தெருமுனையில் இரும்புப் பாதங்களைப் பதித்தாள். ஏறி மிதித்தால் ஒவ்வொரு பாதமும் ஒவ்வொரு மேளமாக அதிரும். தேர் பார்க்க வந்த கிழவிகள் அதில் ஏறி ஆடத் தொடங்கி, அவர்கள் இறங்கும்வரை தேரே அரைமணி நேரம் காத்து நின்றது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அவளுடைய புருஷன் முகமது யாசின் குவைத்தில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான். வீடு முழுக்கக் காதும் காலுமாகச் சிதறிக் கிடப்பதைப் பார்த்து, லீவு சீக்கிரம் முடிந்துவிட்டது என்று திரும்பிப் போவான்.

சும்மா தள்ளி நின்று பார்க்கிற சிலை எனக்கு வேண்டாம் என்பாள் ஜெஸிமா. ஊரில் போகிற வருகிற எவன் கை பட்டாலும் அது வேலை செய்ய வேண்டும். எவன் கை என்று அது கேட்கக் கூடாது. இதை அவள் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

*

பாகூர் ஏரிக்கரையோரம் ஒரு பஸ் நிறுத்தம். ‘ஏரிக்கரை நண்பர்கள்’ என்று ஒரு குழு அங்கே மரம் நடும், மாடு தின்னும், மறுபடியும் நடும். குழுவின் செயலாளர் சேவியர் சார், ரிட்டையர்டு வாத்தியார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் வைக்க வேண்டும், அது அழகாகவும் இருக்க வேண்டும் என்று அவர் ஜெஸிமாவிடம் வந்தார்.

ஜெஸிமா அதற்கு ஒரு செங்கல் சுவர் போதும் என்றாள். சுவரிலிருந்து ஏழு கைகள் நீண்டிருக்கும், குலுக்கக் கொடுக்கிற மாதிரி. கையைப் பிடித்துக் கீழே அழுத்தினால் அதன் மணிக்கட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் விழும். விட்டால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் கையை மேலே தூக்கிவிடும். அந்த ஏழும் இந்த ஏரித் தண்ணீரில் நாற்று நட்ட பெண்களின் கைகளாக இருக்க வேண்டும்.

நடவாட்களுக்குத் தலைவி காசம்மாள். ஐம்பத்தைந்து வயது. அவள் குரல் கொடுத்தால் ஏரிக்கு அந்தாண்ட மேயும் கொக்கு இந்தாண்ட வந்து உட்காரும். ஒரு வைகாசி மத்தியானம் வேலை இல்லாத நாளாகப் பார்த்து, தன்னோடு சேர்த்து ஏழு பேரை மோட்டார் கொட்டகை நிழலில் உட்காரவைத்தாள். பேர் எழுதக் கூடாது, யார் கை எதுவென்று வெளியே சொல்லக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டார்கள்.

பல் டாக்டர்கள் அளவெடுக்கிற மாவை ஜெஸிமா ஒரு பக்கெட்டில் கரைத்தாள். ரோஸ் நிறத் தயிர் மாதிரி இருந்தது. அதற்குள் கையை விட்டு அசையாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் ரப்பராக இறுகிவிடும். கையை உருவிக்கொண்டால் ரேகை முதற்கொண்டு உள்ளே அச்சாக நிற்கும். அசையக் கூடாது என்று சொன்னதுதான் தாமதம், ஏழு பேருக்கும் உலகத்தில் இல்லாத அரிப்பெல்லாம் வந்துவிட்டது. ஒருத்தி மூக்கை இன்னொருத்தி சொறிந்தாள். அவள் முதுகை மூன்றாமவள் சொறிந்தாள். சிரித்ததில் நாலு பக்கெட் மாவு வீணாயிற்று.

கடைசியாக ராமாயி உட்கார்ந்தாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஒடிசலான உடம்பு, பெரிய கை. வலது கைச் சுண்டுவிரல் நடுக்கணுவில் வெளிப்பக்கமாகத் திரும்பி, மற்ற நாலோடும் கோபித்துக்கொண்ட மாதிரி தனியாக நின்றது. இது எப்படி என்று ஜெஸிமா கேட்கவில்லை. கை மாவுக்குள் மாட்டியிருக்கிறபோது வாய் தானாகத் திறந்துவிடும்போலிருக்கிறது, ராமாயியே சொன்னாள்.

நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து ஏதோ பேச்சுக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டாளாம். வீட்டுக்கு வந்ததும் புருஷன் சுப்புராயன் அந்த விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான். பிறகு அவனேதான் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். துணைக்குக் காசம்மாள் போனாள்.

“டாக்டரு இன்னாய்யா ஆச்சின்னு கேட்டாரு. நான் ஒண்ணும் பண்ணல சார், தானா ஒடிஞ்சிகிச்சின்னாரு இவரு. டாக்டரு என்னப் பாத்தாரு. ஆமா சார், தானாத்தான் ஒடிஞ்சிதுன்னேன். இன்னா பண்றது, வூட்டுக்குத்தான திரும்பிப் போவணும்?” என்று சொல்லிவிட்டு ராமாயி சிரித்தாள். கை மட்டும் அசையவில்லை. ஏழு பேரில் ஒரே தடவையில் சரியாக வந்த அச்சு அவளுடையதுதான்.

எழுந்து போகும்போது சொன்னாள்: “வெளில சொல்லிறாதடி யம்மா. பொண்ணு ஒருத்தி இருக்கா. அப்பன் இப்பிடின்னு தெரிஞ்சா எவன் வருவான்?”

ஜெஸிமா சத்தியம் செய்து கொடுத்தாள்.

அச்சில் ஊற்றிய பிளாஸ்டர் கையை மண்ணில் புதைத்து எடுத்து, அந்தப் பள்ளத்தில்தான் உருக்கிய அலுமினியத்தை ஊற்ற வேண்டும். உலோகத்துக்குக் குறைவில்லை. பாகூரிலிருந்து வில்லியனூர்வரை நசுங்கிய அன்னக்கூடையும் இட்லிப் பானையும் ரசியா கடைக்குத்தானே வருகின்றன. ஆறு கைகள் நல்ல பிள்ளையாக மண்ணைவிட்டு வெளியே வந்தன. ராமாயியின் கை வரவில்லை. கோணல் விரல் மண்ணைக் கொக்கி போட்டு இழுத்து, பெட்டியையே இடித்துத் தள்ளியது. மூன்று தடவை அப்படி ஆனபிறகு, ஜெஸிமா பிளாஸ்டர் கையிலிருந்து சுண்டுவிரலை அறுத்து, தனியாக வார்த்து, ஆர்கன் வெல்டிங்கில் பற்றவைத்தாள். ஒட்டுத் தெரியாமல் அரத்தால் தேய்த்தாள். ஆனாலும் ஒட்டு ஒட்டுத்தான். எல்லோரும் உள்ளங்கையைத்தான் பிடிக்கப் போகிறார்கள், தனியாக அந்த விரலைப் போய் யார் முறுக்கப் போகிறார்கள் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

*

சுவர் திறந்த நாளிலிருந்து பாகூரில் யாருக்கும் தாகம் அடங்கவில்லை. கடலூர் போகிறவன் நடுவில் இறங்கிக் கைகுலுக்கிவிட்டு அடுத்த பஸ்ஸில் போனான். கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டி கையைத் தொட்டறியாத பெருசுகள் ஏழு கையையும் வரிசையாகக் குலுக்கி, வயிறு உப்பி, நிழலில் படுத்துக் கிடந்தார்கள்.

ஐப்பசியில் ராமாயிக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டே இரண்டு வாரம் நடவுக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கண்ணெல்லாம் மஞ்சள் கிழங்கு. ஐந்தாம் நாள் போய்விட்டாள். நாற்பத்தாறு வயது.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் சுப்புராயன் பஸ் நிறுத்தத்துக்கு வந்தான். பேர் எழுதாவிட்டால் என்ன, அந்தக் கோணல் விரலை அவனைவிட நன்றாக அறிந்தவன் யார்? நேராக அந்தக் கைக்குப் போனான். பிடித்து அழுத்தினான். தண்ணீர் விழுந்தது. அதைக் குடிக்காமல், கையையும் விடாமல், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

எதிரே செல்போன் கடை வைத்திருந்த பாக்யராஜ் அதைப் படம் பிடித்தான். ‘செத்தும் தண்ணி தரும் மனைவி, செத்தும் கைவிடாத கணவன்’ என்று எழுதி, பின்னால் ஒரு புல்லாங்குழலையும் ஓடவிட்டுப் போட்டான். ஒரு வாரத்தில் பதினோரு லட்சம் பேர் பார்த்தார்கள். பாகூர்க் கொம்யூன் பஞ்சாயத்தில் மாடுகளையும் சேர்த்து எண்ணினாலும் அதில் பாதி தேறாது. மலேசியாவிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். புதுமணத் தம்பதிகள் மாலையும் கழுத்துமாக வந்து, சுப்புராயன் பிடித்துவிட்ட சூடு ஆறுவதற்குள் அந்தக் கையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

சுப்புராயன் கரும்பு லோடு ஏற்றுவதை விட்டுவிட்டான். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, காலை ஏழு, மத்தியானம் பன்னிரண்டு, சாயங்காலம் ஐந்து என்று மூன்று காலமும் வந்தான். நடிக்கிறான் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அவன் நடிக்கவில்லை. மூன்று வேளையும் மெய்யாகவே அழுதான். அழுகிறபோது அவன் விரல்கள் நழுவி நழுவி அந்தச் சுண்டுவிரலில்தான் போய் நிற்கும். வீடியோவில் ஜெஸிமா முதலில் கவனித்தது அதைத்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

*

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரும்பு மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் கடைக்குள் வந்தாள். இருபத்தொரு வயது இருக்கும். ஒடிசல், பெரிய கை. பேரைச் சொல்வதற்கு முன்பே ஜெஸிமாவுக்குத் தெரிந்துவிட்டது. ராமாயியின் மகள் தேவி. கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு பாக்கிங் கம்பெனியில் வேலை. கம்பெனி வேன் காலை ஏழு மணிக்கு அந்த ஏரிக்கரை நிறுத்தத்தில்தான் அவளை ஏற்றிக்கொள்கிறது.

ரசியா டீ சொன்னாள். தேவி குடிக்கவில்லை.

“அக்கா, அந்தக் கையக் கழட்டிருங்க.”

“எதும்மா?”

“எதுன்னு ஒங்களுக்குத் தெரியும்.”

ஜெஸிமா ஒரு போல்ட்டை எடுத்து நட்டைத் திருகித் திருகிக் கழற்றினாள். எவ்வளவு தெரியும் என்று இந்தப் பெண்ணிடம் சொல்லலாமா? யாருக்காக ராமாயி சத்தியம் வாங்கினாளோ, அந்தப் பெண்ணிடமும் சொல்லக் கூடாது என்பது அதில் சேர்த்தியா இல்லையா?

“இன்னாத்துக்குக் கழட்டணும்னு குழுவுல கேப்பாங்களே, தேவி.”

“டெய்லி காலைல நான் அங்கதான் நிக்கிறேன். வேன்ல இருக்கிற பொண்ணுங்க எறங்கி வந்து அவரு கால்ல வுழுந்து கும்புடுதுங்க. இப்பிடி ஒரு புருஷன் கெடைக்கணும்னு. எங்கிட்ட வந்து, நீ குடுத்து வச்சவடி, இந்த மாதிரி அப்பா யாருக்கு இருக்காருன்னுதுங்க.” அவள் குரல் ஏறவே இல்லை, பாக்கிங் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போனாள். “அதுகூடப் பரவால்லக்கா. அவரு புடிச்சி அழுத்துனா அந்தக் கை தண்ணி குடுக்குது பாருங்க. எங்கம்மா உசுரோட இருந்தப்பவும் அதத்தான் பண்ணிச்சி. அடிச்ச கையோட சோறு போடுன்னுவாரு, போடும். செத்தாவது அது நிறுத்தக் கூடாதா?”

ஜெஸிமாவின் கையிலிருந்து நட்டு உருண்டு போயிற்று. ஒருவரும் தேடவில்லை.

தேவி போனபிறகு ரசியா, ஆறிப்போன டீயைத் தானே குடித்துக்கொண்டு, “நான் கைதான செய்யச் சொன்னேன்” என்றாள்.

*

கழற்றுவது சுலபம், நாலு போல்ட்டு. காரணம் சொல்வதுதான் கஷ்டம். ஜெஸிமா முதலில் தொழில் தந்திரம் ஒன்றை செய்து பார்த்தாள். ரிப்பேர் என்று சொல்லி உள்ளே இருந்த ஸ்பிரிங்கை மாற்றி, லாரிக்குப் போடுகிற மாதிரி முரட்டு ஸ்பிரிங் ஒன்றை வைத்தாள். அழுத்த முடியாவிட்டால் சலித்துப்போய் விட்டுவிடுவான் என்று கணக்கு. சுப்புராயன் இரண்டு கையாலும் தொங்கினான். தொங்கியதும் தண்ணீர் வந்தது. ‘கோபித்துக்கொண்ட மனைவியைச் சமாதானம் செய்யும் கணவன்’ என்று பாக்யராஜ் போட்டான். பதினாறு லட்சம்.

அடுத்த வாரம் அந்தக் கைக்கு மட்டும் வால்வை மூடினாள். தண்ணீர் வரவில்லை. சுப்புராயன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் தாங்காமல் வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கையின்மேல் ஊற்றினார்கள். அடுத்த நாள் யாரோ மஞ்சள் பூசினார்கள். அதற்கடுத்த நாள் கற்பூரம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் உண்டியல் வைத்து, தேரும் இழுத்திருப்பார்கள். ஜெஸிமா பயந்துபோய் வால்வைத் திறந்துவிட்டாள்.

சேவியர் சாரிடம் போய், அந்தக் கையை எடுத்துவிடலாம் சார் என்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். பிப்ரவரி பதினாலாம் தேதி காதலர் தினத்துக்கு அந்தச் சுவருக்கு முன்னால் சுப்புராயனுக்குப் பொன்னாடை போர்த்துவதாக அழைப்பிதழே அடித்தாகிவிட்டது. ஏரியைப் பார்க்க இத்தனை வருஷத்தில் வராத கூட்டம் அந்த மனுஷனால் வருகிறது. என்ன காரணம் சொல்லம்மா, கேட்கிறேன் என்றார். நல்ல மனிதர். சொன்னால் கேட்டிருப்பார். ஜெஸிமா, ஒட்டு பலவீனமாக இருக்கிறது சார் என்றாள். அதுவும் உண்மைதான். விழா முடிந்ததும் சரிசெய்துவிடு என்றார் அவர்.

ஸ்கூட்டியை ஏரிக்கரையில் விட்டுவிட்டு ஜெஸிமா வயலுக்குள் இறங்கினாள். நவரைப் பட்டத்து நெற்பயிரில் களையெடுப்பு. காசம்மாள் குனிந்தபடியே அவள் சொல்வதையெல்லாம் கேட்டாள். ஒரு சத்தியத்தை மீறலாமா என்று கேட்டபோதுதான் நிமிர்ந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“ஒனக்கு மட்டுந்தான் சொன்னான்னு நெனச்சிகினு இருக்கியா? அந்த வெரலு எப்பிடிக் கோணிச்சின்னு இந்த நடவுல எல்லாத்துக்கும் தெரியும். நானே சைக்கிளு பின்னாடி ஓடுனேன். டாக்டரு எதிருல நின்னுகினு வாய மூடிகினு இருந்தேன்.”

மற்ற பெண்கள் களையெடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் யாரும் பேசவில்லை, அதிலேயே தெரிந்தது.

“இப்ப நீ வாயத் தொறந்தா, இத்தினி வருசம் இன்னாத்துக்குடி மூடிகினு இருந்தீங்கன்னு அந்தப் பொண்ணு எங்களக் கேக்கும். அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல, பாப்பா. சொல்றதா இருந்தா எங்க காதுல வுழாத எடத்துல போய்ச் சொல்லு.”

சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். ஜெஸிமா சேற்றுக்காலோடு வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டாம், எடுத்துவிட்டால் போதும் என்று முடிவு செய்தபோது வெயில் முதுகைச் சுட்டுவிட்டிருந்தது.

*

பதினாலாம் தேதி விழா பத்து மணிக்கு. ஆறரை மணிக்கே போய்க் கழற்றி, எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். அப்புறம் அவர்கள் போலீசில் சொன்னாலும் சரி, இனி எந்த ஊரிலும் வேலை தராவிட்டாலும் சரி.

ஏரியிலிருந்து பனி எழுந்து ரோட்டின்மேல் படுத்திருந்தது. சுவருக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள், ராமாயியின் கைக்கு மட்டும் தனியாக ரோஜா. ஜெஸிமா ரோஜாவைக் கழற்றிப் பக்கத்துக் கையில் மாட்டிவிட்டு, தண்ணீரை மூடி, ஸ்பானரைப் போட்டாள். மூன்று போல்ட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. நாலாவது துருவேறிப் பிடித்துக்கொண்டது. தேவி சாப்பாட்டுக் கூடையோடு வந்து நிறுத்தத்தின் ஓரமாக நின்றாள். இவள் செய்வதைப் பார்த்தாள். களைக்குப் போகிற பெண்கள் வந்தார்கள், காசம்மாள் முன்னால். அவர்களும் நின்றார்கள்.

அப்போதுதான் சுப்புராயன் வந்தான். விழாவுக்காகச் சலூனில் முகம் மழித்து, பவுடர் போட்டு, மாப்பிள்ளை மாதிரி இருந்தான். கூடவே பாக்யராஜ், போனை உயர்த்திப் பிடித்து நேரலை போட்டுக்கொண்டு வந்தான்.

ஸ்பானரைப் பார்த்ததும் சுப்புராயன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

“இன்னா பண்றே? எம் பொண்டாட்டி கைய இன்னா பண்றே நீ?”

“ரிப்பேருண்ணே. விடுங்க.”

“ஒரு மாசமா பாக்குறேன், நீதான் எதயோ பண்ணிகினு இருக்கே. எங்க ரெண்டு பேரையும் பிரிக்கிறதுல ஒனக்கு இன்னா வந்திச்சி?” கண்ணில் அதற்குள் தண்ணீர். பாக்யராஜ் பக்கத்தில் வந்தான்.

“கையத் தனியா வுடுங்கண்ணே. வெரல்ல ஒட்டு இருக்குது. இழுத்தா நிக்காது.”

“வுட மாட்டேன். எங்கிட்டருந்து எவன் இழுத்துருவான், பாக்குறேன்.”

அவன் இழுத்தான். ஒற்றை போல்ட்டில் கை திரும்பியது. அவன் பிடி உள்ளங்கையிலிருந்து வழுக்கி, விரல்களில் வழுக்கி, வழக்கமான இடத்தில் வந்து நின்றது. அவன் பின்பக்கமாக மடக்கினான்.

டக்கென்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். வேர்க்கடலை ஓடு உடைகிற அளவுக்குக்கூட இருக்காது.

சுப்புராயன் உள்ளங்கையைத் திறந்து பார்த்தான். கோணல் விரல் அதில் கிடந்தது. அவன் முகத்திலிருந்து அழுகை துடைத்த மாதிரி போய்விட்டது. ஜெஸிமாவைப் பார்த்தான், பெண்களைப் பார்த்தான், போனைப் பார்த்தான்.

“நான் ஒண்ணும் பண்ணல,” என்றான். “தானா ஒடிஞ்சிகிச்சி.”

ஏரியில் ஒரு நாமக்கோழி கத்தி ஓய்ந்தது. நடவாட்கள் ஒருவரும் அசையவில்லை. ஊரைக் கூட்டுகிற காசம்மாளின் குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு வந்தது.

“டாக்டராண்ட சொன்ன அதே பேச்சு. ஒரு வார்த்த மாறல.”

தேவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். வரிசையாக ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தாள். ஒவ்வொருத்தியாகத் தலை குனிந்தார்கள். கேட்க வேண்டியதை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அவங்க இன்னா சொல்றாங்க?” என்று பாக்யராஜ் கேட்டான். அவன் போனில் சிவப்பு இதயங்கள் கொத்துக் கொத்தாகக் கீழிருந்து கிளம்பி மேலே பறந்துகொண்டிருந்தன. ‘அழாதீங்கப்பா’ என்று ஒருத்தர், ‘அம்மா உங்க கூடவே இருக்காங்க’ என்று ஒருத்தர், சிங்கப்பூரிலிருந்து ஒருத்தர். ஏரிப் பனியையே மறைக்கிற அளவுக்கு இதயங்கள்.

தேவி அப்பனுக்கு முன்னால் வந்து கையை நீட்டினாள். அவன் விரலை அதில் வைத்தான். ஏன் வைத்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

ஜெஸிமா கடைசி போல்ட்டில் ஸ்பானரைப் போட்டுத் தன் கனத்தையெல்லாம் கொடுத்தாள். அது கிறீச்சிட்டு இளகியது. நாலு விரல் கையை முந்தானையால் துடைத்து தேவியிடம் கொடுத்தாள். கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது.

“கடைக்குக் கொண்டா. புதுசா ஒட்டித் தரேன்.”

“வேணாங்க்கா,” என்றாள் தேவி. “ஒட்டாதீங்க. இது ஒடஞ்சிதான் இருந்திச்சி.”

சாப்பாட்டுக் கூடையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கையைச் செருகிக்கொண்டாள். அது உள்ளே அடங்கவில்லை, வேனில் ஏறுகிறவரை கூடைக்கு வெளியே நீட்டிக்கொண்டே போயிற்று.

பத்து மணிக்குப் பொன்னாடை போர்த்தத்தான் செய்தார்கள். கூட்டம் வந்துவிட்டதே, என்ன செய்வது? நாலு துளையோடு ஒரு கை குறைந்த சுவருக்கு முன்னால் சுப்புராயன் பொன்னாடைக்குள் நின்றான். விஷமிகள் செய்த வேலை என்று மைக்கில் ஒருவர் பேசினார். அழைப்பிதழில் ‘தண்ணீர் அருந்துதல்’ என்று ஒரு நிகழ்ச்சி இருந்ததால், பக்கத்துக் கையிலாவது ஒரு வாய் குடியுங்கள் என்று சேவியர் சார் அவனை மெதுவாகத் தள்ளினார். அது ரோஜா மாலை தொங்கிய கை. காசம்மாளின் கை.

அவன் பிடித்து அழுத்தினான். தண்ணீர் வரவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினான். அடுத்த கைக்குப் போனான், அதற்கடுத்த கைக்குப் போனான். ஆறும் வறண்டு கிடந்தன. ஜெஸிமா கழற்றிக்கொண்டு போன மெயின் வால்வின் திருகு அந்நேரம் தவளக்குப்பத்தில் ரசியாவின் தராசுத் தட்டில் கிடந்தது, யாரும் நிறுக்கவில்லை.

ரோட்டுக்கு அந்தாண்ட நவரை வயலில் ஆறு பெண்கள் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். மைக் சத்தம் அவர்களுக்கு நன்றாகக் கேட்டது. ஒருத்தியும் நிமிரவில்லை.